செம்பில் தட்டிய மணி

வேலாயுதம் கட்டிலை விட்டு இறங்கி இன்றோடு இருபத்திரண்டு நாள். "அப்பாடா, எழுந்துவிட்டான்" என்று போன வாரம் நீங்கள் எல்லோரும் மூச்சு விட்டிருப்பீர்கள். சீதாலெட்சுமி விடவில்லை. இந்த ஆடி மாதத்தில் நிம்மதி என்பது அவளுக்கு அரிசி மாதிரி. எங்கோ இருப்பதாகச் சொல்கிறார்கள், கண்ணில் பட்டு நாளாகிறது.

கதையின் நடுவில் வந்து சேர்ந்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வந்துவிடலாம்.

வேலாயுதம் சீதாவின் ஒரே தம்பி. வயது முப்பத்தொன்று. ரவாங் ஸ்டேஷன் சிக்னல் கேபினில் ஆறு வருஷம் லீவர் இழுத்தவன். யுத்தத்துக்கு ஒரு வருஷம் முன்னால் அவன் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. யாரும் அனுப்பாத ஒரு ரயிலுக்கு வழி விட்டு, நிஜமாக வந்த ரயிலை முக்கால் மணி நேரம் வெளியே நிறுத்தி வைத்தான். அன்றோடு வேலை போயிற்று. வெள்ளைக்கார டாக்டர் துரை 'ஸ்கிசோஃப்ரீனியா' என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அப்புறம் ஜப்பான்காரன் வந்து நாட்டைப் பிடித்தான், டாக்டர் துரை போய்விட்டார், சீட்டு மட்டும் இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அக்காள் வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். படுத்தே கிடந்து கால் இரண்டும் வீங்கின. அமுக்கினால் விரல் குழி அப்படியே நின்றது. சீதா கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். அவள் புருஷன் தம்புசாமி ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்தே பார்த்தான். சுவர்தான் அசையவில்லை என்றில்லை, அவனும் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸர் அப்துல் ஜலீல்தான் ஒரு நாள் வந்து வாசற்படியில் உட்கார்ந்து வழி சொன்னார்.

"இது அடம் இல்லை தங்கச்சி. சோம்பேறித்தனமும் இல்லை. அவர் காதுல ஏற்கனவே பத்துக் குரல் 'செய், செய்யாதே'ன்னு பேசுது. நீங்க 'எந்திரி'ன்னா அது பதினோராவது குரல். அதை ஏன் அவர் கேக்கணும்?"

"அப்ப நான் என்ன செய்யுறது பாய்?"

"அவருக்கே எந்திரிக்கணும்னு தோணுற மாதிரி ஒண்ணு எங்கேயாவது மிச்சம் இருக்கும். அதைத் தேடுங்க. கண்டுபிடிச்சா கொஞ்சமா ஆரம்பிங்க, பத்து எண்ணிக்கை போதும். தெனம் அதே நேரம். நீங்களும் கூட நின்னு செய்யுங்க. கைகட்டி நின்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க."

அது கரண்டியில் கிடைத்தது. ஒரு மத்தியானம் அவள் கையிலிருந்த கரண்டி தவறிப் பித்தளைச் செம்பில் பட்டு 'டிங்' என்றது. உள்ளே கட்டில் பலகையில் விரல் எலும்பால் ஒரு தட்டு கேட்டது. ஒரே ஒரு தட்டு.

வேலை கிடைத்த புதிதில் பெருமை பொங்க அவன் அக்காளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. பக்கத்துக் கேபினிலிருந்து ஒரு மணி வந்தால் 'கவனி' என்று அர்த்தம். திருப்பி ஒரு மணி அடித்தால் 'கேட்கிறேன், சொல்' என்று அர்த்தம். அப்புறம் மூன்றும் ஒன்றுமாக அடித்தால் பாசஞ்சர் வருகிறது, வழி விடு. குரல்களெல்லாம் அவனைக் குழப்பின. மணி குழப்பவில்லை.

மறுநாள் முதல் சீதாவே கரண்டியால் செம்பில் மணி அடித்தாள். முதல் நாள் மணிக்கு அவன் எழுந்து உட்கார்ந்தான். நாலாம் நாள் நின்றான். வெறுங்கையால் லீவரைத் தொட மாட்டான், வியர்வை பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்பது கேபின் சட்டம். தம்புசாமி முணுமுணுத்துக்கொண்டே தன் தோள் துண்டைக் கொடுத்தான். அன்று முதல் காலையில் பத்து, விளக்கு வைக்கும் நேரத்தில் பத்து. இல்லாத லீவரைத் துண்டு வைத்துப் பிடித்து, ஒரு காலை முன்னால் வைத்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து அவன் இழுப்பான். பக்கத்தில் சீதாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இழுப்பாள். பார்க்கிறவர்களுக்கு அக்காளுக்கும் தொற்றிக்கொண்டது என்றுதான் தோன்றும். தோன்றட்டும். கால் வீக்கம் வடிந்துவிட்டதே!

இப்போது இன்றைய செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

குவாட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள திடலில் வாரம் ஒரு நாள் ஜப்பான்காரன் தேகப்பயிற்சி வைக்கிறான். பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை ஆம்பிளைகள் எல்லோரும் வந்து நிற்க வேண்டும். காலை எட்டு மணிக்கு. ஜப்பான்காரன் கடிகாரத்துக்கு எட்டு, சூரியனுக்கு இன்னும் ஆறரைதான். வராதவன் வீட்டு ரேஷன் கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். வீட்டுக்குள் வந்து அடிக்கவும் அடிப்பார்கள்.

குவாட்டர்ஸ் வரிசைக்குத் தலைவனாக விஜயன் என்று ஒருவனைப் போட்டிருந்தார்கள். நல்லவன்தான். கைப்பட்டை கட்டிவிட்டதால் பயந்துபோன நல்லவன். நேற்று வந்து கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"அக்கா, மூணு தடவ உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன். நாளைக்குப் பெரிய ஆபீசரே வர்றான். நாலாவது தடவ சொன்னா என் உடம்பு சரியா இருக்காது லா."

விடிவதற்கு முன்னால் சீதா எழுந்து மரவள்ளிக்கிழங்கை அவித்தாள். தம்புசாமி தன் பங்கில் பாதியை மச்சான் தட்டில் தள்ளினான். கூட்ஸ் ஷெட்டில் கணக்கு எழுதும் கிராணி அவன். ஷெட்டில் சரக்கே இல்லாமல் கிராணியாக இருப்பது எப்படி என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

"திடல்ல நிப்பானா?" என்றான்.

"நிப்பான்."

"அங்க செம்பு இருக்காதே."

"குழாய் திடல் ஓரத்துலதானே இருக்கு. தண்ணி புடிக்க நான் செம்போட வருவேன்."

தம்புசாமி அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு எழுந்து, துவைத்து உலர்த்தியிருந்த துண்டை எடுத்து வேலாயுதத்தின் தோளில் போட்டு, நழுவாமல் நுனியைச் சட்டைக்குள் செருகிவிட்டான். இதையெல்லாம் சத்தம் போடாமல் செய்கிற மனுஷன் அவன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திடலில் நூற்றைம்பது பேர் வரிசையாக நின்றார்கள். மேடையில் ஒருவன் விசிலை ஊதி எண்ணினான். "இச்சி! நி! சான்! சி!" நூற்று நாற்பத்தொன்பது ஜோடிக் கைகள் மேலே போயின. ஒரு ஜோடி போகவில்லை.

வேலாயுதம் மூன்றாவது வரிசையில் தம்புசாமிக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி நின்றான். உதடு மட்டும் அசைந்தது. குரல்களோடு பேசுகிறான்.

சீதா குழாயடியில் செம்பை வைத்துக்கொண்டு நின்றாள். பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. ரொம்ப நேரம் காலைக் குறுக்கி உட்கார்ந்தால் கால் இருப்பதே தெரியாமல் போகுமே, அப்படித்தான் இரண்டு வருஷமாக அவளுக்கு நெஞ்சு. யாரோ வேறொரு பெண்பிள்ளையின் தம்பியைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் இராஜம்மா குடத்தோடு நின்றாள். அவள் புருஷன் பாலனைச் சித்திரையில், சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில்பாதைக்கு லோரியில் ஏற்றிப் போனார்கள். மூன்று மாதம் மட்டும் என்று சொன்னார்கள். கூடப் போன பதினான்கு பேரில் ஒருவர் பெயரில்கூட இதுவரை கடுதாசி வரவில்லை. இராஜம்மா இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை, தண்ணீர் மட்டும் பிடித்துக்கொண்டு போகிறாள்.

பெரிய ஆபீசர் முதல் வரிசையைப் பார்த்து முடித்து இரண்டாவது வரிசைக்குத் திரும்பினான். கையில் பிரம்பு.

சீதா கரண்டியால் செம்பில் ஒரு தட்டுத் தட்டினாள்.

வேலாயுதத்தின் உதடு நின்றது. தொடையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். கேட்கிறேன், சொல்.

மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, ஒரு தட்டு.

தோளிலிருந்து துண்டை உருவினான். காலை முன்னால் வைத்தான். இழுத்தான். நிமிர்ந்து மறுபடி இழுத்தான். மேடையில் எண்ணுகிறவன் ஒன்று சொன்னால் இவன் வேறொன்று செய்தான். ஆனால் என்ன இழுப்பு! மரவள்ளி தின்று கூனிப்போன நூற்றைம்பது பேர் நடுவில் அவன் ஒருவனுக்குத்தான் முதுகு நேராக இருந்தது.

பிரம்பு அவன் முன்னால் வந்து நின்றது. ஆபீசர் அவன் புஜத்தைப் பிடித்து அமுக்கிப் பார்த்தான். முழங்காலைப் பிரம்பால் தட்டிப் பார்த்தான். வேலாயுதம் அந்த ஆள் அங்கே இருப்பதையே கண்டுகொள்ளாமல் பத்தாவது லீவரை இழுத்து முடித்து, துண்டை மடித்துத் தோளில் போட்டான்.

ஆபீசர் விஜயனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டான். விஜயன் குனிந்து ஏதோ சொன்னான். ஆபீசர் தலையை ஆட்டினான். சிரித்த மாதிரிகூட இருந்தது.

அடி விழவில்லை. கார்டு போகவில்லை. சீதா செம்பில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சந்தோஷம் வருகிறதா என்று வழியில் ஒரு தடவை தனக்குள் தேடிப் பார்த்தாள். கொஞ்சூண்டு வந்தது.

அது மத்தியானம் வரைதான் தங்கிற்று.

விஜயன் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான். கையில் ஒரு தாள்.

"உள்ள வாப்பா" என்றான் தம்புசாமி.

"இல்லண்ணே. இங்கேயே நிக்கிறேன்." தாளை மடித்தான், பிரித்தான். "அக்கா, என்னைத் தப்பா நெனச்சுக்காதீங்க. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"இவன் யாருன்னு அந்த ஆள் கேட்டான். பயிற்சிய மாத்திச் செய்யுறானேன்னு அடிச்சிடப் போறானோன்னு எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. அதான், 'ரயில்வே. சிக்னல்மேன். ரவாங்ல ஆறு வருஷம்'னு சொல்லிட்டேன்."

தம்புசாமி கண்ணை மூடிக்கொண்டான்.

விஜயனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தக் குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்த யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ரயில்வேக்காரன் என்று சொன்னால் போலீஸ்காரன் கையை எடுப்பான். பெண் கேட்கப் போன இடத்தில் நாற்காலி போடுவார்கள். வாழ்நாள் பூராவும் அந்தச் சொல்லைக் குடை மாதிரி பிடித்துப் பழகியவர்களுக்கு, அதுவே ஒரு நாள் தலையில் விழும் என்று எப்படித் தோன்றும்?

"சயாமுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் கேக்குறாங்க" என்றான் விஜயன். "இந்த வீட்டுக்கு வேலாயுதம் பேரை அவனே எழுதிட்டான். நல்ல உடம்பு, ரயில் வேலை தெரிஞ்ச ஆள்னு. சனிக்கிழமை லோரி வரும்."

"அவனுக்குப் புத்தி சரியில்லைன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னேங்க்கா. 'இவ்வளவு நல்லா பயிற்சி செய்யுறவனுக்கு என்ன கேடு'ன்னு கேக்குறான்."

விஜயன் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு வழி இருக்கு. வெள்ளிக்கிழமை அவங்க டாக்டர் வீடு வீடா வந்து பாப்பான். எந்திரிச்சு நிக்க முடியாதவன் பேரைப் பட்டியல்லேருந்து அடிச்சுடுவான். தம்பி முன்ன மாதிரி படுத்துட்டா விட்டுடுவாங்க."

"படுத்துட்டா?"

"படுத்துட்டா…" விஜயன் தம்புசாமியைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துச் சொன்னான். "வீட்டுக்கு ஒரு ஆள்ங்குறது மாறாதுக்கா. அப்புறம் அண்ணன் பேரை எழுதுவாங்க."

விஜயன் போனான். பின்னால் பாதையில் ஒரு இன்ஜின் போயிற்று. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி அதிர்ந்து நின்றது.

"அக்கா."

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். வேலாயுதம் நடையில் நின்றுகொண்டிருந்தான். இந்த வீட்டில் அந்தக் குரல் கேட்டு எட்டு மாதம் இருக்கும்.

"எந்தக் கேபின்?"

"என்னடா?"

"டியூட்டிக்குப் பேர் வந்திருக்குன்னானே. எந்தக் கேபின்?"

அவன் முகத்தில் ஒரு வெளிச்சமும் இல்லை. ஆனால் கண் சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தது. இந்தப் பார்வைக்காக அவள் எத்தனை நாள் வேண்டிக்கொண்டிருப்பாள்! கிடைத்த நாளைப் பாருங்கள்.

"இன்னும் சொல்லலடா" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுக் கண்ணாடி முன்னால் போய்ச் சீப்பை எடுத்தான். தலையைத் தண்ணீர் தொட்டு வாரினான். பிறகு பெட்டியைத் திறந்து, பித்தளைப் பித்தான் வைத்த பழைய கேபின் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான். தோள் தொங்கியது. இரண்டு பித்தான் இல்லை.

"அவனுக்குப் போகணும்னு இருக்கு" என்றான் தம்புசாமி, மெதுவாக.

"எங்க போறோம்னு அவனுக்குத் தெரியாதுங்க."

"போன யாருக்குத் தெரிஞ்சுது?"

சீதா புருஷனைப் பார்த்தாள். நாற்பத்து மூன்று வயது. மழை பெய்தால் விடியவிடிய இருமுகிற நெஞ்சு. இவர் போனால் ஒரு மாதம் தாங்க மாட்டார். தம்பி போனால், மணி அடிக்காத காட்டில் முதல் நாளே நின்ற இடத்தில் நிற்பான், அடித்தே கொன்றுபோடுவார்கள். இரண்டையும் அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. கிழங்கை நறுக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. நறுக்கினாள்.

ஆனால் நறுக்கிக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். முதலில் வெள்ளிக்கிழமையைத் தாண்ட வேண்டும். தம்பி படுக்க வேண்டும். இவரை எங்கே ஒளிப்பது, கேரித் தீவில் இருக்கும் சின்ன மாமனார் வீட்டுக்கு அனுப்பலாமா, என்று அதற்குப் பிறகு பார்க்கலாம். டாக்டர் வரப்போவது தம்பியைப் பார்க்க.

"என்னங்க, இனிமே மணி அடிக்கப் போறதில்ல" என்றாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும்."

தம்புசாமி நறுக்கிய கிழங்கைத் தட்டில் அள்ளிப் போட்டான்.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. தினமும் இந்த நேரத்துக்குத்தான் இரண்டாவது பத்து. சீதா செம்பைக் கழுவித் துடைத்து, மடியில் வைத்து, தெரியாமல்கூடச் சத்தம் வந்துவிடக் கூடாதென்று அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்தாள். எதிரே தம்புசாமி பலகையில் உட்கார்ந்து பித்தளை டம்ளரில் கடுங்காப்பியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தான்.

உள்ளறையில் வேலாயுதம் சட்டையும் துண்டுமாகத் தயாராக நிற்பது அவளுக்குத் தெரியும். நேரம் தப்பாத பிள்ளை.

ஐந்து நிமிஷம் போயிற்று.

கட்டில் பலகையில் ஒரு தட்டுக் கேட்டது. அவனே கூப்பிடுகிறான். இத்தனை நாளில் அவனாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. கவனி.

செம்பைப் பொத்திய கையை அவள் எடுக்கவில்லை. இன்றைக்குப் பதில் இல்லை என்றால் நாளை உட்காருவான். நாளை மறுநாள் படுப்பான். இருபத்திரண்டு நாளாக எழுப்பி நிறுத்தியவனைக் கிடத்த மூன்று நாள் போதும். அவள் கையாலேயே.

மறுபடி ஒரு தட்டு. பதில் வரும் வரைக்கும் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் கேபின் சட்டம்தான்.

மூன்றாவது தட்டு.

இப்போது அவளுக்கு வலித்தது. இரண்டு வருஷமாக மரத்துக் கிடந்த இடத்தில் முதல்தடவையாக நன்றாகவே வலித்தது. வாயில் முந்தானையை வைத்துக் கடித்துக்கொண்டாள். போதும்டா தம்பி, படுத்துக்கோடா.

டிங்.

செம்பு அவள் மடியில்தான் இருந்தது. நிமிர்ந்தாள்.

தம்புசாமி கரண்டியை டம்ளருக்கு மேலே பிடித்திருந்தான். அவளைப் பார்க்கவில்லை, காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் துண்டு நுனியைச் செருகிவிட்ட அதே கை.

கேட்கிறேன், சொல்.

உள்ளே பலகைத் தரை கிறீச்சிட்டது. வேலாயுதம் காலை முன்னால் எடுத்து வைத்துவிட்டான்.

கரண்டி இரண்டாம் தடவை இறங்கியது. மூன்றும் ஒன்றும் அடித்துவிட்டால் தம்பி எழுந்தே நிற்பான், சனிக்கிழமை லோரியில் அவன்தான் ஏறுவான், இவர் வீட்டில் இருப்பார். சீதாலெட்சுமி பாய்ந்து கையை நீட்டி டம்ளரைப் பிடித்தாள். கொதிக்கிற காப்பி இருவர் விரலிலும் வழிந்தது.

தம்புசாமி விடவில்லை.